பெஞ்சில் உட்காராத கமலக்கண்ணன்

முதலியார்பேட்டையில் காத்தவராயன் டீக்கடைக்கு முன்னால் ஒரு மரப்பெஞ்சு கிடக்கிறது. அதில் உட்காராத ஆள் அந்த வட்டாரத்தில் ஒருவர்தான் இருந்தார். ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பிய சொல்தா ஒருவர் தினமும் கைக்குட்டையை விரித்துப் போட்டு உட்காருகிறார். கமலக்கண்ணன் மட்டும் நின்றுகொண்டேதான் குடிப்பார்.

அவர் ஒன்றும் சௌகரியமாக நிற்பவர் இல்லை. ஐம்பது வயது, வலது முழங்காலில் இரண்டு ஆபரேஷன், கொஞ்சம் வயிறு. பாரத்தை இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாற்றி மாற்றித்தான் ஒரு டீயை முடிப்பார். "உக்காரேம்ப்பா" என்று யாராவது சொன்னால், "கோச்சு உக்காந்தா டீம் படுத்துக்கும்ணே" என்று ஒரு பதில் கைவசம் வைத்திருந்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் காரணம் அது இல்லை.

காரணம் கல்கத்தாவில் இருக்கிறது.

கமலக்கண்ணனின் அப்பா மில் தொழிலாளி. மகன் மில் சுவரில் பந்தை உதைத்து உதைத்தே இடதுகால் ஆட்டக்காரன் ஆனான். மில் டீமில் ஆடி, அங்கிருந்து சென்னை லீக் போய், தொண்ணூற்றெட்டில் கல்கத்தாவின் பெரிய கிளப் ஒன்று அவரை எடுத்துக்கொண்டது. கையெழுத்துப் போட ரயில் ஏறிய அன்று முதலியார்பேட்டையே ஸ்டேஷனுக்கு வந்தது. வராதவர்கள் கூட வந்ததாகத்தான் இப்போது சொல்கிறார்கள்.

மூன்று சீசன் அந்தக் கிளப்பில் இருந்தார். இடது பின்காப்பு ஆட்டக்காரர். அவருக்கு முன்னால் அந்த இடத்தில் ஆடிய வங்காளிக்குச் சளி பிடிக்கவில்லை, கால் பிசகவில்லை, கல்யாணம்கூட லீவு நாளில்தான் நடந்தது. கமலக்கண்ணன் பெஞ்சில் இருந்தார். மழையில் இருந்தார், வெயிலில் இருந்தார், மூன்று சீசனும் இருந்தார். ஒரே ஒரு மேட்சில், ஜெயித்தாயிற்று என்று உறுதியான பிறகு, எழுபத்தொன்பதாவது நிமிடத்தில் கோச் அவரைப் பார்த்து விரலை அசைத்தார். பதினோரு நிமிடம் ஆடினார். பந்து நாலு தடவை காலில் பட்டது. ஒரு தடவை கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை எறிந்தார், கால் தூக்கிவிட்டது என்று நடுவர் விசில் ஊதினார். அவ்வளவுதான். அப்புறம் கோவாவில் அரை சீசன், அங்கேதான் முழங்கால் போனது.

ஊருக்குத் திரும்பியபோது மில் வாசலில் மாலையும் மேளமுமாக நின்றார்கள். ரெண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். "கல்கத்தாவுல அம்பதாயிரம் பேருக்கு முன்னால ஆடிட்டு வந்திருக்கேன்" என்றார். கமலக்கண்ணன் பொய் சொல்லும் ஆள் இல்லை. அம்பதாயிரம் பேர் இருந்தது உண்மை, அவர் ஆடியதும் உண்மை. எவ்வளவு நேரம் என்று யாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவர் பெயர் கல்கத்தா கமலக்கண்ணன்.

விஷயம் தெரிந்த ஒரே ஜீவன் மனைவி நிர்மலா என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில் ஒரு பலவீனமான நேரத்தில் சொல்லிவிட்டார். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் நிர்மலா வெளியில் மூச்சு விட்டதில்லை. வீட்டுக்குள் அவளை யார் தடுப்பது? குக்கரை ஏற்றிவிட்டுக் குளிக்கப் போகும்போது சொல்வாள்: "பதினோரு நிமிஷத்துல எறக்கிடுங்க. ஒங்க கல்கத்தா கேரியர் அளவுதான். மறந்துடாதீங்க."

கமலக்கண்ணன் பயிற்சியாளர் ஆனது இப்படி. பள்ளிக்கூடம் ஒன்றில் பகல்நேர விளையாட்டு ஆசிரியர் வேலை. ஆறு வருடத்துக்கு முன்னால் முதலியார்பேட்டை கிளப் பெண்கள் அணி ஒன்று தொடங்கியபோது, "நம்ம கல்கத்தா இருக்கறப்ப வேற யாரு?" என்று கிளப் தலைவர் கலியமூர்த்தி கைகாட்டினார். கலியமூர்த்தி மில்லில் தறி ஓட்டி ரிடையர் ஆனவர், எழுபத்தைந்து வயது. எந்த மேட்சையும் மேலே படிக்கட்டில் குடை பிடித்து உட்கார்ந்து, நடுவருக்கும் சேர்த்து யோசனை சொல்பவர்.

நல்ல கோச்தான். அதிகாலையில் மைதானத்துக்கு முதலில் வருவார். எந்தப் பெண்ணின் அம்மாவுக்கு என்ன உடம்பு என்பது வரை தெரியும். மேட்ச் தொண்ணூறு நிமிடமும் கோட்டோரத்தில் நின்று, நடந்து, கத்தி, தொண்டையைத் தொலைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். ஒருநாளும் பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. அவரிடம் ஒரே ஒரு வியாதி. பெஞ்சில் இருக்கும் ஐந்து மாற்று ஆட்டக்காரர்களும் எந்த மேட்சானாலும் குறைந்தது பதினோரு நிமிடம் ஆடியே ஆக வேண்டும். எழுபத்தொன்பதாவது நிமிடம் வந்துவிட்டால் ஜெயிக்கிறோமா தோற்கிறோமா என்று பார்க்க மாட்டார், மிச்சமிருப்பவர்களை இறக்கிவிடுவார்.

அது என்ன பதினொன்று என்று டீக்கடையில் பெரிய ஆராய்ச்சியே நடந்தது. டீமில் பதினொரு பேர், அதனால் என்றார் காத்தவராயன். எண் ஜோசியம் என்று இன்னொரு கட்சி. கமலக்கண்ணன் நின்றபடி டீயை உறிஞ்சிக்கொண்டு, எல்லாவற்றுக்கும் பொதுவாகத் தலையாட்டுவார்.

எதிரணிகளுக்கு ஆராய்ச்சி தேவைப்படவில்லை. "எழுபத்தொம்போது வரைக்கும் ஓட்டுங்கடி, அதுக்கப்பறம் அவங்களே கதவத் தொறந்து வுடுவாங்க" என்பது புதுச்சேரிப் பெண்கள் கால்பந்தில் எல்லா கோச்சும் சொல்லும் பாடமாகிவிட்டது. மூன்று இறுதிப் போட்டிகள் அந்தத் திறந்த கதவு வழியாகத்தான் போயின.

அந்த விதி இன்னும் தொடாத ஆள் ஒருத்திதான். மாற்று கோல்கீப்பர் தையல்நாயகி. இருபத்தேழு வயது. நோணாங்குப்பம் படகுத்துறையில் வேலை. படகில் ஏறுகிறவர்களுக்கு மிதவைச் சட்டையைக் கொடுத்து, ஆளைப் பார்த்து நீங்க இந்தப் பக்கம், நீங்க அந்தப் பக்கம் என்று படகு சாயாமல் உட்கார வைப்பாள். கிளப்புக்கு வந்து இரண்டு சீசன் ஆகிவிட்டது. ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. ஒவ்வொரு தடவையும் எழுபத்தொன்பதாவது நிமிடத்தில் அவளுக்கு ஏதாவது வந்துவிடும். ஒரு மேட்சில் தொடை பிடித்துக்கொண்டது. ஒரு மேட்சில் வயிறு. ஒரு மேட்சில் கையுறையை எடுத்தால் இரண்டும் இடது கைக்கு.

கமலக்கண்ணனுக்கு நெஞ்சு வெந்தது. பாவம், வாய்ப்பு வரும் நேரம் பார்த்து இந்தப் பெண்ணுக்கு உடம்பு சதி செய்கிறதே என்று கேழ்வரகுக் கஞ்சியும் முட்டையும் சாப்பிடச் சொன்னார். அவள் "சரி சார்" என்றாள். உட்கார்ந்தே இருப்பவளுக்குத் தொடை எப்படிப் பிடிக்கும் என்று அவர் யோசிக்கவில்லை. பெஞ்சில் இருக்கும் ஒரு ஜீவன் இறங்க ஆசைப்படாமல் இருக்கும் என்பது அவர் கணக்கிலேயே இல்லை.

கடந்த சீசனில் நான்காவது தடவையாக இறுதிப் போட்டிக்கு வந்தபோது, கிளப் கமிட்டி அவரைக் கூப்பிட்டது. கலியமூர்த்திதான் பேசினார்.

"கண்ணு, மூணு கப்பு ஒன் பதினோரு நிமிஷத்துல போச்சு. இந்த வாட்டியும் கப்பு வரலன்னா அடுத்த சீசன் பிரேம்குமாரு பாத்துக்கட்டும். கோச்சிங் லைசென்சு வாங்கியிருக்கான், லேப்டாப்புலாம் வெச்சிருக்கான்."

"அப்ப நானுண்ணே?"

"நீ மேல வந்து எங்க பக்கத்துல உக்காந்து பாரு. எடம் போட்டு வெக்கிறேன்."

அன்புடன்தான் சொன்னார். கமலக்கண்ணனுக்கு மட்டும் அது மறுபடி பெஞ்சு என்று காதில் விழுந்தது. இந்த முறை விரலை அசைத்துக் கூப்பிடவும் யாரும் இருக்க மாட்டார்கள்.

இறுதிப் போட்டி அன்று காலையில் நிர்மலா டிபன் வைத்துக்கொண்டே, "இன்னிக்கு ஒரு நாளாவது அந்தத் தையல வுட்டுடுங்க. பைனல்ல போயி கீப்பர மாத்துவாங்களா?" என்றாள்.

"ரெண்டு சீசன், நிர்மலா. ஒரு நிமிஷம் கெடைக்கல அவளுக்கு. அது எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

"ஒங்களுக்குத் தெரியும். அவகிட்ட கேட்டீங்களா?"

அவர் இட்லியைப் பார்த்தார். கேட்கவில்லை.

உப்பளம் மைதானம். எதிரணி கனகசெட்டிக்குளம். வலை இழுத்து உரமேறிய குடும்பங்களில் வந்த பெண்கள், மோதினால் மோதியவருக்குத்தான் வலிக்கும். படிக்கட்டில் முதலியார்பேட்டை நிறைந்திருந்தது. கலியமூர்த்தி குடையோடு முதல் வரிசையில், சொல்தா கைக்குட்டையோடு பக்கத்தில். இரண்டு வரிசை தள்ளிப் பிரேம்குமார், புது டிராக் சூட்டில், மடியில் லேப்டாப்போடு.

ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் அறிவுமதி ஒரு கோல் போட்டாள். கேப்டன் கலைமகள் பின்னால் நின்று காத்தாள், கோல்கீப்பர் தனக்கொடி இரண்டு தடவை பாய்ந்து பிடித்தாள். நாலு மாற்று ஆட்டக்காரர்களும் இறங்கியாகிவிட்டது. எழுபத்தொன்பதாவது நிமிடம் வந்தது. ஒன்றுக்குப் பூஜ்யம்.

"வேணாம்டா கமலா!" என்று மேலேயிருந்து கலியமூர்த்தியின் குரல் கேட்டது. கமலக்கண்ணன் திரும்பி, தையல்நாயகியைப் பார்த்து விரலை அசைத்தார். கல்கத்தா கோச் அசைத்த அதே மாதிரி.

தையல்நாயகி எழுந்திருக்கவில்லை.

"தையலு, எறங்கு. தனக்கொடிய வெளிய கூப்புடறேன்."

"வேணாம் சார்."

"தொடையா?"

"தொடை நல்லாதான் இருக்குது சார்."

"கையுறை?"

"அதுவும் சரியாதான் இருக்குது. ரெண்டு கைக்கும் கொண்டாந்திருக்கேன்."

"அப்பறம் ஏம்மா? பயமா?"

"பயம்லாம் இல்ல சார். எனக்கு எறங்கவே புடிக்காது. பாக்கத்தான் புடிக்கும். மேட்ச் பாக்கப் போறேன்னா வீட்ல வுடுவாங்களா? மேட்ச் ஆடப் போறேன்னா வுடறாங்க. இங்கேருந்து பாக்கற மாதிரி எங்கேருந்தும் தெரியாது சார். ரெண்டு வருஷமா சந்தோஷமா பாத்துக்கிட்டு இருக்கேன், கெடுத்துடாதீங்க."

கமலக்கண்ணனுக்குக் கோபம் வந்ததா, அழுகை வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை.

"சந்தோஷமா? பெஞ்சுலயா? ஏம்மா, அது எவ்ளோ பெரிய கொடுமைன்னு தெரியுமா ஒனக்கு? கல்கத்தாவுல மூணு வருஷம் உக்காந்திருந்தேன்! பதினோரு நிமிஷம்! மூணு வருஷத்துல மொத்தமே பதினோரு நிமிஷந்தான் ஆடினேன்!"

ஐம்பதாயிரம் பேருக்கு நடுவில் கத்திப் பழகிய கோச்களிடமிருந்து கற்ற குரல் அது. உப்பளத்தில் எண்ணூறு பேர்கூட இல்லை. கடைசி வரிசை வரைக்கும் தெளிவாகக் கேட்டது. படிக்கட்டு அப்படியே அடங்கியது. சுண்டல் விற்றவர் கரண்டியைத் தூக்கியபடி நின்றார். கலைமகள் திரும்பிப் பார்த்தாள். கோலில் நின்ற தனக்கொடியும் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள்.

கனகசெட்டிக்குளத்தின் ஏழாம் நம்பர் மட்டும் எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. தூரத்திலிருந்து ஒரு உதை. பந்து வலையில் விழுந்த சத்தம்தான் அந்த மௌனத்தில் முதலில் கேட்டது.

மிச்சப் பதினோரு நிமிடமும் கமலக்கண்ணன் ஒரு வார்த்தை கத்தவில்லை. படிக்கட்டுப் பக்கம் திரும்பவும் இல்லை. வேலை போகப்போகிறது, அதுகூடப் பரவாயில்லை. இருபத்துச் சொச்சம் வருடம் ஊர் கூப்பிட்ட கல்கத்தா என்ற பெயரைத் தன் வாயாலேயே கழற்றிக் கீழே போட்டாயிற்று. மாலை போட்ட கைகள் அத்தனையும் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கின்றன.

ஒன்றுக்கு ஒன்று. பெனால்டி உதைகளில் தீர்ப்பு.

அணி கூடி நின்றபோது தையல்நாயகி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "சார், இவங்க எந்தப் பக்கம் அடிப்பாங்கன்னு எனக்குத் தெரியும்."

"எப்டி?"

"போட்ல கால் வெக்கறப்பவே ஆளு எந்தப் பக்கம் சாய்வாருன்னு சொல்லிடுவேன் சார். தோள் சொல்லிடும். இவங்க ஆடினத ரெண்டு சீசனா பாத்துக்கிட்டுதான இருக்கேன். தனக்கொடி, என்னையே பாரு. நான் நின்னா கடல் பக்கம் பாயி. உக்காந்திருந்தா ஊர்ப் பக்கம்."

கோலின் ஒரு கம்பம் கடலைப் பார்த்தும் இன்னொன்று ஊரைப் பார்த்தும் நிற்கிற மைதானம் அது. புதுச்சேரியில் பிறந்தவளுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் வழி சொல்ல முடியாது.

முதல் உதையைக் கலைமகள் போட்டாள். கனகசெட்டிக்குளமும் போட்டது. இரண்டாவதும் அப்படியே. தனக்கொடி இரண்டு தடவையும் தப்பான பக்கம் பாய்ந்தாள். இரண்டாவது தடவை விழுந்து எழுந்தவள் மைதானமே கேட்கும்படி கத்தினாள்:

"சார்! ஒங்க வயிறு மறைக்குது! தையலு தெரியல!"

படிக்கட்டு சிரித்தது. கமலக்கண்ணன் பழக்கதோஷத்தில் பெஞ்சுக்கு முன்னால் இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தார். இடது பக்கம் நகர்ந்தார். "இப்பவும் மறைக்குது!" வலது பக்கம் நகர்ந்தார்.

"சார், நகராதீங்க. உக்காருங்க" என்றாள் தையல்நாயகி.

கமலக்கண்ணன் அந்தப் பெஞ்சைப் பார்த்தார். நீளமான இரும்பு பெஞ்சு, பச்சைப் பெயிண்டு உரிந்தது. கல்கத்தாவில் இருந்ததும் பச்சைதான்.

"எனக்கு அது பழக்கமில்ல."

"மூணு வருஷம் உக்காந்தேன்னு இப்பதான சார் சொன்னீங்க?"

வேறு வழியில்லை. உட்கார்ந்தார். முழங்கால் நிம்மதியாக ஒரு சத்தம் போட்டது.

மூன்றாவது உதையில் அறிவுமதி பந்தைக் கம்பத்தில் அடித்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். அடுத்து கனகசெட்டிக்குளத்தின் ஏழாம் நம்பர் வந்தாள். தையல்நாயகி எழுந்து நின்றாள். தனக்கொடி கடல் பக்கம் பாய்ந்தாள். பந்து அவள் கையிலேயே வந்து மோதியது.

நான்காவது உதையை முதலியார்பேட்டை போட்டது. கனகசெட்டிக்குளத்துக்குத் தையல்நாயகி உட்கார்ந்தே இருந்தாள், பந்து கடல் பக்கம் போய் கோல் ஆனது. "தப்பாயிடுச்சு சார்," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு, "இந்த மாதிரி ஆளுங்கதான் கடைசி நேரத்துல எடம் மாத்தி உக்காந்து போட்ட ஆட்டுவாங்க."

ஐந்தாவது உதையும் முதலியார்பேட்டைக்குக் கோல். நாலுக்கு மூன்று. கனகசெட்டிக்குளத்தின் கடைசிப் பெண் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் போனாள். தையல்நாயகி எழுந்திருப்பதுபோல் முட்டியை அசைத்தாள். அவள் மறுபடி நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். தனக்கொடி ஊர்ப் பக்கம் பாய்ந்தாள்.

பிடித்துவிட்டாள்.

எல்லோரும் உள்ளே ஓடினார்கள், தையல்நாயகி உட்பட. அந்த மைதானத்துக்குள் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை, மேட்ச் முடிந்த பிறகு. கமலக்கண்ணன் மட்டும் பெஞ்சிலேயே இருந்தார். எழுந்தால் படிக்கட்டைப் பார்க்க வேண்டும்.

பார்க்கத் தேவையிருக்கவில்லை. குடை ஊன்றிக்கொண்டு கலியமூர்த்தியே இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏண்டா, அப்டியா கத்துவ? பதினோரு நிமிஷம்னு? அதுல ஒரு கோலு போச்சு."

"அண்ணே, அது வந்து..."

"எங்களுக்குத் தெரியாதா?"

கமலக்கண்ணன் நிமிர்ந்தார்.

"நீ போனதும் மில்லு ரீடிங் ரூமுக்குக் கல்கத்தா பேப்பரு வரவழைச்சோம். மூணு நாள் லேட்டா தபால்ல வரும். தெனம் ஷிப்டு முடிஞ்சி பூதக்கண்ணாடி வெச்சி ஒம் பேரத் தேடுவோம். மூணு வருஷத்துல ஒரே வாட்டி வந்திச்சு. எழுபத்தொம்போதாவது நிமிஷம் எறங்கினன்னு பொடி எழுத்துல. பேரையும் தப்பா போட்டிருந்தான்."

"அப்ப மாலை? மேளம்?"

"முதலியார்பேட்டையிலேருந்து அங்க போயி அதுவரைக்கும் வேற எவன்டா பதினோரு நிமிஷம் ஆடினான்? சொல்லு."

கமலக்கண்ணன் படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தார். "ஊருக்கே தெரியுமாண்ணே?"

"சொல்தாவுக்குத் தெரியாது. அவரு அப்ப பிரான்சுல இருந்தாரு."

"அந்த எண் ஜோசியம்?"

"நாந்தான் கெளப்பி வுட்டேன். நீ சங்கடப்படுவியேன்னு."

அடுத்த சீசனுக்கும் கமலக்கண்ணனே என்று கமிட்டி முடிவெடுத்தது, ஒரு திருத்தத்தோடு. பதினோரு நிமிட விதி இருக்கும், ஆனால் இறக்குவதற்கு முன்னால் அந்தப் பெண்ணிடம் இறங்குகிறாயா என்று கேட்க வேண்டும். பிரேம்குமார் தையல்நாயகியைத் தேடிப் போய், அவள் எப்படிக் கண்டுபிடித்தாள் என்று லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். "வந்து போட்ல ஏறுங்க சார், மொதல்ல ஒங்களப் பாத்துச் சொல்றேன்" என்றாளாம்.

துணைப் பயிற்சியாளர் பதவியை அவளுக்குக் கொடுப்பதாகக் கமலக்கண்ணன் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "நின்னுக்கிட்டே இருக்கணுமா சார்?"

இறுதிப் போட்டிக்கு மறுநாள் காலையில் கமலக்கண்ணன் வழக்கம்போல டீக்கடைக்கு வந்தார். பெஞ்சின் ஒரு ஓரத்தில் கலியமூர்த்தி, பக்கத்தில் சொல்தா. காத்தவராயன் டீயை நீட்டினார். "இன்னா கல்கத்தா, பைனல்லாம் உக்காந்தே ஜெயிச்சியாமே?" என்றார். பெயர் கழன்று விழவில்லை என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. யாரும் ஒன்றும் சொல்லும் முன்னால், காலியாக இருந்த மறு ஓரத்தில் போய் உட்காரக் குனிந்தார்.

கடலூர் ரோட்டில் நோணாங்குப்பத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த தையல்நாயகி ஸ்கூட்டியை நிறுத்தி, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்தினாள்:

"சார், ஓரத்துல வேணாம்! அவங்க எழுந்தா பெஞ்சு சாயும். நடுவுல உக்காருங்க!"